உங்கள் ஓட்டு எந்த முகவரியில் இருக்கிறது? தென்னாப்பிரிக்க உள்ளாட்சித் தேர்தல் பற்றி ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது பெரிய வேலை இல்லை. வரிசையில் நிற்கும் நேரத்தைக் கழித்தால் சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் உங்களுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, எந்த முகவரியில் இருக்கிறது, அன்றைக்கு உங்களால் அந்த இடத்துக்குப் போக முடியுமா? டர்பன் பக்கத்து நம் தமிழ் வீடுகளில் தேர்தல் நேரத்தில் எழும் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான். அதனால் யாருக்கு ஓட்டு என்பதை உங்களிடமே விட்டுவிட்டு, ஓட்டு கைக்கு வரும் வழியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில், இது எந்தத் தேர்தல்? 2024 மே 29 அன்று நடந்தது நாடாளுமன்றத்துக்கும் மாகாண சபைக்குமான தேர்தல். உள்ளாட்சித் தேர்தல் வேறு. குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி, தெருவிளக்கு, கழிவுநீர், வீட்டு வரி எல்லாம் முனிசிபாலிட்டியின் கையில் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானபோது, அந்த ஊர்க் குடும்பங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காக வாளியோடு காத்திருந்தன. அந்த மாதிரி நேரத்தில் கேள்வி கேட்க நமக்கு ஒரு ஆள் வேண்டும். வார்டு கவுன்சிலர்தான் அந்த ஆள். அவரைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தேர்தலில்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. கடைசியாக 2021 நவம்பர் 1 அன்று நடந்தது. ஐந்தாண்டு முடிந்த 90 நாளுக்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்குப்படி அடுத்தது 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரி முடிவுக்கும் இடையில் வர வேண்டும்.

2021-ல் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். 2016-ல் அது 58 சதவீதமாக இருந்தது. இந்தச் சரிவு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அதற்குக் காரணம் நம் சொந்தச் சரித்திரம். 1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே கரும்புத் தோட்டத்திலும் ரயில்வேயிலும் உழைத்தார்கள், வரி கட்டினார்கள். 1894-ல் இந்தியர்களின் சட்டமன்ற ஓட்டைப் பறிக்க, டர்பன் அப்போது இருந்த நேட்டால் காலனியின் அரசு மசோதா கொண்டுவந்தபோது, அதை எதிர்க்கத்தான் காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கினார். இருந்தும் 1896-ல் அந்த ஓட்டு போயிற்று. நகராட்சி ஓட்டு மட்டும் மிச்சம் இருந்தது. 1924-ல் நேட்டால் மாகாணம் போட்ட சட்டம், இந்தியர்கள் நகராட்சி வாக்காளர் பட்டியலில் சேருவதையும் தடுத்தது. எல்லோரும் சமமாக நின்று உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்ட நாள், இன்று குவாசூலு-நேட்டால் என்று பெயர் மாறிய அந்த மாகாணத்தில் 1996 ஜூன் 26 அன்றுதான் வந்தது. நடுவில் 72 ஆண்டுகள். பறித்தவர்கள் கைவைத்தது பட்டியலில்தான் என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுச்சாவடி திறந்திருந்தும் பயன் இல்லை.

பெயர் சேர்ப்பது

தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து, நிரந்தரக் குடியிருப்பு உரிமை வாங்கி ஜோகன்னஸ்பர்க்கில் பல வருடமாக வாழ்பவர்களும் இதைக் கேட்கிறார்கள்: எங்களுக்கு ஓட்டு உண்டா? இல்லை. வரி கட்டினாலும், சொந்த வீடு இருந்தாலும், குடியுரிமை கிடைத்த பிறகுதான்.

பதினாறு வயதிலேயே பெயர் கொடுக்கலாம். தேர்தல் நாளன்று 18 முடிந்திருந்தால் ஓட்டுப் போடலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஐடி வந்த கையோடு பெயரையும் சேர்த்துவிட்டால், கடைசி நேர ஓட்டம் இருக்காது. பச்சை நிற ஐடி புத்தகம், ஸ்மார்ட் ஐடி கார்டு, உள்துறை அலுவலகம் தரும் தற்காலிக அடையாளச் சான்றிதழ் ஆகிய மூன்றில் ஒன்று போதும். பாஸ்போர்ட்டையும் டிரைவிங் லைசென்ஸையும் காட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தியாவில் தருவது போலத் தனியாக ஒரு வாக்காளர் அட்டை இங்கே கிடையாது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

பட்டியலை வைத்திருப்பது சுயாதீனத் தேர்தல் ஆணையம். இங்கே எல்லோரும் ஐ.இ.சி. என்றுதான் சொல்வார்கள். பெயர் சேர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஐ.இ.சி. இணையதளத்தில் கைபேசியிலேயே செய்யலாம். இந்த வசதி 2021-ல் வந்தது. உங்கள் முனிசிபாலிட்டியில் இருக்கும் ஐ.இ.சி. அலுவலகத்துக்கு வேலை நாளில் நேரில் போகலாம். அல்லது தேர்தலுக்கு முன் ஆணையம் அறிவிக்கும் பதிவு வார இறுதியில், நீங்கள் ஓட்டுப் போடப்போகும் அதே பள்ளிக்கூடத்துக்கோ மண்டபத்துக்கோ போகலாம். இணையம் பழகாத பெரியவர்களுக்கு மூன்றாவது வழிதான் சௌகரியம். அந்த இடத்தை ஒருமுறை பார்த்தும் வைக்கலாம்.

ஏற்கனவே பெயர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? உங்கள் ஐடி எண்ணை 32810 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எந்த வாக்குச்சாவடியில் பெயர் இருக்கிறது என்று பதில் வரும். 0800 11 8000 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். வீடு மாறாதவர்களும் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பும் இதைச் செய்வது நல்லது. தேர்தலுக்குத் தேர்தல் வார்டு எல்லைகளைத் திருத்தி வரைகிறார்கள். நீங்கள் அதே வீட்டில் அதே தெருவில் இருக்க, உங்கள் வார்டு எண்ணும் சாவடியும் மாறிப்போயிருக்கலாம்.

இப்போது கடைசித் தேதி. இதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். தேர்தல் தேதியை உள்ளாட்சித் துறை அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளோடு பட்டியல் மூடப்படுகிறது. 2021-ல் நடந்ததைப் பாருங்கள்: செப்டம்பர் 18, 19 சனி ஞாயிறு பதிவு வார இறுதி. மறுநாள் 20-ம் தேதி அரசிதழ் அறிவிப்பு. அத்தோடு கதவு மூடியது. தேர்தலுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது, ஆனாலும் அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வழியில்லை. தொலைக்காட்சியில் தேர்தல் தேதியைக் கேட்ட பிறகு பெயர் சேர்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

முகவரிதான் எல்லாம்

நாடாளுமன்றத் தேர்தலில், முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு வேறு ஊர்ச் சாவடியில் ஓட்டுப் போட வழி இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் அது அறவே கிடையாது. எந்தச் சாவடிப் பகுதியில் பெயர் பதிவாகியிருக்கிறதோ அங்கே மட்டும்தான். காரணம் நியாயமானதும்கூட. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வார்டுக்கு யார் கவுன்சிலர் என்பதை அங்கே வாழ்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஃபீனிக்ஸில் இருப்பவர்கள் அல்ல.

இதில் நீதிமன்றமே தலையிட்ட ஒரு வழக்கு உண்டு. வடமேற்கு மாகாணத்தில் போச்சஃப்ஸ்ட்ரூம் நகரத்தை உள்ளடக்கிய ட்லொக்வே முனிசிபாலிட்டியில் 2013-ல் இடைத்தேர்தல்கள் நடந்தன. அந்த வார்டுகளில் வசிக்காதவர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று சுயேச்சை வேட்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தல்கள் நேர்மையாக நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லி, மறுபடி நடத்த உத்தரவிட்டது. இனிமேல் பெயர் பதியும்போது வாக்காளரின் முகவரியையும் பதிய வேண்டும் என்றது. இன்றைக்கு ஐ.இ.சி. உங்களிடம் முகவரியை விடாமல் கேட்பதற்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. வீட்டு எண் இல்லாத குடியிருப்புகளில் இருப்பவர்களும் பயப்பட வேண்டாம், வீடு இருக்கும் இடத்தை அடையாளம் சொல்லிப் பதியலாம். தெரிந்தே பொய் முகவரி கொடுப்பது குற்றம்.

"வழக்கமாக வசிக்கும் இடம்" என்பதுதான் சட்டத்தின் அளவுகோல். சொத்து யார் பேரில் என்பது கணக்கில்லை, வாடகை வீடாக இருந்தாலும் உங்கள் வார்டு அதுதான். வெருலத்தில் அம்மா அப்பா வீடும் கேப்டவுனில் வேலையும் உள்ள இளைஞர் எங்கே பதிவது? வாழ்க்கை எங்கே நடக்கிறதோ அங்கே. அவர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் தெரு கேப்டவுனில் இருந்தால் அங்கேயே பதிவதுதான் சரி. பழைய வீட்டிலேயே பெயரை விட்டு வைத்தால் தேர்தல் நாளுக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும். முகவரி மாற்றுவதற்கென்று தனி நடைமுறை ஒன்றும் இல்லை. புது முகவரியோடு மறுபடி பதிந்தால் பழையது தானாகப் போய்விடும்.

எத்தனை வாக்குச்சீட்டு?

இது ஊரைப் பொறுத்தது. டர்பனையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த எதெக்வினி ஒரு பெருநகர முனிசிபாலிட்டி. நாட்டில் இப்படி எட்டு. லெனேஷியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கும், லாடியம் இருக்கும் ட்ஷ்வானேயும் இதில் சேரும். இங்கெல்லாம் இரண்டு சீட்டுகள் தருவார்கள். ஒன்றில் உங்கள் வார்டு வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும், சுயேச்சைகளும் இருப்பார்கள். இன்னொன்றில் கட்சிகளின் பெயர் மட்டும். டோங்காட்டைத் தாண்டி ஸ்டாங்கருக்குப் போனால், அது குவாடுகுசா உள்ளூர் முனிசிபாலிட்டி, மேலே இலெம்பே மாவட்ட முனிசிபாலிட்டி. அங்கே மாவட்டத்துக்கும் சேர்த்து மூன்று சீட்டுகள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் மூன்றுதான்.

கட்சிச் சீட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2021-ல் தேர்ந்தெடுத்த எதெக்வினி மன்றத்தில் 222 இடங்கள். அதில் 111 வார்டு மூலம், 111 கட்சிப் பட்டியல் மூலம். வார்டில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயிப்பார், அது நேரடி. கட்சிப் பட்டியல் இடங்கள், மொத்த ஓட்டுக்கும் மொத்த இடத்துக்கும் பொருத்தம் வரும்படி நிரப்பப்படுகின்றன. சின்னக் கணக்காகச் சொன்னால்: பத்து இடமுள்ள மன்றத்தில் ஒரு கட்சி, வார்டுச் சீட்டையும் கட்சிச் சீட்டையும் கூட்டி நூற்றுக்கு நாற்பது பங்கு ஓட்டு வாங்குகிறது. அதற்கு உரியது நான்கு இடம். வார்டுகளில் ஏற்கனவே மூன்றை ஜெயித்துவிட்டால் பட்டியலிலிருந்து ஒன்று கிடைக்கும். வார்டு ஒன்றில்கூட ஜெயிக்காவிட்டால் நான்கும் பட்டியலிலிருந்து வரும். ஆகவே உங்கள் வார்டில் தோற்கும் கட்சிக்குப் போடும் ஓட்டும் வீணாவதில்லை. ஒரு சீட்டைக் குறியிட்டு மற்றதை வெறுமனே போட்டுவிட்டு வருபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். வார்டுக்குப் பிடித்த ஆளையும், பட்டியலுக்கு வேறு கட்சியையும் தேர்ந்தெடுக்கத் தடை இல்லை. மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அன்றைக்குப் போக முடியாவிட்டால்

தபால் ஓட்டு இங்கே கிடையாது. உங்களுக்காக இன்னொருவர் போய்ப் போடுவதும் கிடையாது. லண்டனிலோ துபாயிலோ பெர்த்திலோ இருக்கும் நம் பிள்ளைகள் நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தூதரகத்தில் ஓட்டுப் போடலாம், உள்ளாட்சித் தேர்தலில் வெளிநாட்டு ஓட்டே இல்லை. இங்கே இருப்பது "சிறப்பு வாக்கு". அது இரண்டு வகை.

முதல் வகை, தேர்தல் நாளன்று வர முடியாதவர்களுக்கு. இரவுப் பணி நர்ஸ், லாரி ஓட்டுநர், அன்றைக்கு வெளியூர்ப் பயணம் இருப்பவர் எல்லோரும் முன்கூட்டி விண்ணப்பித்து, தேர்தலுக்கு முந்திய சிறப்பு நாட்களில் தங்கள் சொந்தச் சாவடியிலேயே போடலாம். 2021-ல் அந்த நாட்கள் அக்டோபர் 30, 31. மறுநாள் திங்களன்று பொதுத் தேர்தல். நாள்தான் மாறுகிறது, இடம் மாறாது என்பதை மறந்துவிடாதீர்கள். விண்ணப்பிக்காமல் அந்த நாளில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது வகை வீட்டுக்கே வருவது. முடியாத முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், கர்ப்பிணிகள் இதற்கு விண்ணப்பிக்கலாம். இணையத்தில் செய்யலாம், அல்லது படிவத்தை நிரப்பி ஐ.இ.சி. அலுவலகத்தில் கொடுக்கலாம். வீட்டில் உள்ள வேறொருவர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதும். குறிப்பிட்ட நாளில் தேர்தல் அலுவலர்கள் வாக்குச்சீட்டோடு வீட்டுக்கு வருவார்கள், கட்சி முகவர்களும் கூட வரலாம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. ஆயா நாற்பது வருடம் சாட்ஸ்வர்த்தில் இருந்தார். தாத்தா போன பிறகு மகன் பாலிட்டோவில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பெயர் இன்னும் சாட்ஸ்வர்த்தில். அலுவலர்கள் அவர் பதிவான சாவடிப் பகுதிக்குள் இருக்கும் வீட்டுக்குத்தான் வருவார்கள். பாலிட்டோ வேறு முனிசிபாலிட்டி, அங்கே வர மாட்டார்கள். வழி ஒன்றுதான்: பட்டியல் மூடுமுன் ஆயாவைப் புது முகவரியில் பதிந்துவிடுவது, அப்புறம் வீட்டு வாக்குக்கு விண்ணப்பிப்பது. பெரியவர்களை வீட்டில் வைத்திருக்கும் மகன்களும் மருமகள்களும் இந்த வேலையைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டே இல்லாமல் வளர்ந்த தலைமுறை அது. அவர்களுக்கு அந்த ஓட்டின் மதிப்பு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சிறப்பு வாக்கின் ரகசியம் பற்றிச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது இரண்டு உறைகளில் போகிறது. குறியிட்ட சீட்டுகளை மடித்து, எதுவும் எழுதாத வெற்று உறையில் போட்டு ஒட்டுகிறீர்கள். அந்த உறையை இன்னொரு உறைக்குள் வைக்கிறார்கள். வெளி உறையில் மட்டும் உங்கள் பெயரும் ஐடி எண்ணும் இருக்கும். எண்ணும்போது வெளி உறையைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் வெற்று உறைகளை ஒன்றாகக் கலந்த பிறகே பிரிக்கிறார்கள். நீங்கள் ஓட்டுப் போட்டீர்கள் என்பது தெரியும், யாருக்கு என்பது தெரியாது.

சாவடிக்குள்

2021-ல் சாவடிகள் காலை 7 மணியிலிருந்து இரவு 9 வரை திறந்திருந்தன. மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு ஓட்டு உண்டு. ஐடியைக் காட்டினால் கையடக்கக் கருவியில் ஸ்கேன் செய்து பெயரைச் சரிபார்ப்பார்கள். இடது கட்டைவிரல் நகத்தில் மை வைப்பார்கள். ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் முத்திரை விழ வேண்டும், அதை நீங்களே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது.

ஒரு சீட்டில் ஒரே குறி. பெயர், கையெழுத்து எதுவும் எழுதக் கூடாது, உங்களை அடையாளம் காட்டும் சீட்டு தள்ளுபடியாகும். தவறான கட்டத்தில் குறி விழுந்துவிட்டால் பதறாமல் அலுவலரிடம் சொல்லுங்கள், பெட்டியில் போடாதவரை புதுச் சீட்டு தருவார்கள். கண் தெரியாதவர்களுக்குப் பிரெயில் அச்சு ஒன்று சீட்டின் மேல் பொருத்தித் தரப்படும். எழுத முடியாதவர் தனக்கு நம்பிக்கையான, 18 வயது நிரம்பிய ஒருவரை உதவிக்கு அழைத்துப்போகலாம். அந்த ஆள் கட்சி முகவராகவோ வேட்பாளராகவோ இருக்கக் கூடாது. ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் நம் பெரியவர்களுக்குச் சீட்டில் இருக்கும் கட்சிச் சின்னங்களை முதல் நாளே வீட்டில் காட்டிப் பழக்கிவைத்தால், பெரும்பாலும் உதவியே தேவைப்படாது.

ஓட்டுகளைச் சாவடியிலேயே எண்ணி, முடிவை அங்கேயே ஒட்டிவைக்கிறார்கள். முடிவுகள் அறிவித்த 14 நாளுக்குள் புதிய மன்றம் கூட வேண்டும். அதன்பின் உங்கள் வார்டு கவுன்சிலர் இறந்தாலோ பதவி விலகினாலோ 90 நாளுக்குள் இடைத்தேர்தல் வரும். அதற்கும் இதே பட்டியல்தான், சிறப்பு வாக்கும் உண்டு. பெரிய தேர்தல் தூரத்தில் இருந்தாலும், வீடு மாறிய வாரமே 32810-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்ப்பதற்கு இது போதுமான காரணம்.